புஷ்பத்துக்குப் போகாத மிஸ்டு கால்

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. என் துக்கத்தில் பெரிய துக்கம் அதுதான்.

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி பாஸ்டரம்மா கேட்டார்கள். ஆண்களும் பெண்களுமாகச் சபை முழுவதும் இருக்கும்போது முன்னால் நின்றால் எனக்கு இப்போதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஜெபம் என்பது அவர் வேலை. நான் சமைப்பேன், அவர் ஜெபிப்பார். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சின்ன வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அவர் கண்ணை மூடினால் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். முதலில் தேசத்தை ஆளுகிறவர்கள். பிறகு முதலமைச்சர். பிறகு காவிரித் தண்ணீர். நாங்கள் கர்நாடகத்தில் இருக்கிற தமிழர்கள் என்பதால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நேரம் ஆகும். பிறகு ராணுவம், ரயில்வே, ஆஸ்பத்திரிகள், எங்கள் தெருமுனைச் சாக்கடை. அதற்கெல்லாம் பிறகுதான் எங்களுக்கு. அதற்குள் ரசம் ஆறியிருக்கும், என் மகன் பிரபு சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பான். அவர் நிறுத்தியதும் நான் "ஆமென்" என்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் வாய்விட்டுச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

2006-ல் மழைக்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. காலையில் டீ குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொன்னார். மத்தியானம் ஆள் இல்லை.

அடுத்த வருஷம் பிரபு என்னை எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனும் மருமகள் ஷீலாவும் அங்கே கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். ஒன்பதாவது மாடியில் வீடு. ஷீலா நல்ல பெண், என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் காலையில் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தால் இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள். பிறகு நானும் ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது சத்தம் போடும்.

எங்கள் சபை அல்சூர் பக்கம் இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஓசூர் ரோட்டில் அப்போது மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி நான் போய்ச் சேரும்போது ஆராதனை முடிந்து, எல்லோரும் வாசலில் நின்று செருப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் மாதத்தில் ஒரு தரம், பிரபு பைக்கில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. பக்கத்தில் வேறு சபைகள் இருந்தன. புது இடத்தில் போய் யாரிடம் என்ன பேசுவது என்று கூச்சம். போகவில்லை.

வீட்டிலேயே ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மாதிரியே ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், அந்தச் சமயம் கர்நாடகத்தில் முதலமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு யாருக்காக ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டிவியில் ஒரு தேவ ஊழியர் ஜெபித்தார். அதற்காவது ஆமென் சொல்லலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முடியப்போகிற நேரத்தில் மூட்டு வலித் தைல விளம்பரம் வந்துவிட்டது.

சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. என் மனதில் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷமும் ஆண்டவருக்கு என்னைத் தெரியுமா? இல்லை, சாமுவேலுடைய மனைவி என்றுதான் தெரியுமா? பேசுகிறவர் போய்விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை இனி யார் அடையாளம் கண்டுகொள்வார்கள்? வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிந்தது, மனதுக்குள் இறங்கவில்லை. இப்படியே போனால் நான் பேருக்கு மட்டும் கிறிஸ்தவளாகச் செத்துப்போவேன் என்று நினைத்தேன். "ஆண்டவரே, எனக்குப் பேச வாயைத் தாரும்" என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. மனதுக்குள் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டரம்மா போன் செய்தார்கள்.

"ரூபி சிஸ்டர், வெள்ளிக்கிழமை சங்கிலி ஜெபம் ஆரம்பிக்கிறோம். உங்களை மாதிரி தூரத்துல இருக்கிறவங்களுக்காகவே. ஆளுக்கு அரை மணி நேரம். அவங்கவங்க வீட்டுலயே ஜெபிக்கலாம்."

ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு ரிங், அவ்வளவுதான். எடுக்கக்கூடாது, காசு போய்விடும். மிஸ்டு கால் வந்தால் உங்கள் முறை என்று அர்த்தம். வராவிட்டால் முந்தினவர் இன்னும் ஜெபத்தில் இருக்கிறார், அவரைப் போன் செய்து தொந்தரவு பண்ணக்கூடாது. இதுதான் ஒழுங்கு. எனக்கு அடுத்து புஷ்பம் சிஸ்டர். அவர் நம்பரைப் பாஸ்டரம்மா சொன்னார்கள். ஷீலாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நானே போனில் ஏற்றினேன். அந்தப் போன் பிரபு எனக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்தது. நான் அதில் ஏற்றிய முதல் நம்பர் அது. அதில் ஒரு எண்ணை மாற்றி அமுக்கிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு முந்தின சிஸ்டரிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. முழங்கால் போட்டேன். "ஆண்டவரே" என்றேன். பிறகு சாம்பாருக்குப் பருப்பு போட்டேனா என்று நினைவு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மறுபடி முழங்கால் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படியே அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டு, புஷ்பத்துக்கு ஒரு ரிங் கொடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளியும் இதே கதை. அதற்கடுத்த வெள்ளியும்.

அங்கே புஷ்பம் சிஸ்டர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிஸ்டு கால் வரவில்லை. ரூபி இன்னும் ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் ஆயிற்று. இன்னும் ஜெபிக்கிறாள். புஷ்பத்துக்கு அடுத்தவரும் காத்திருக்கிறார், அவருக்கு அடுத்தவரும் காத்திருக்கிறார். சாயங்காலம் பாஸ்டரம்மா சங்கிலியை முடித்து வைக்க விசாரித்தால், சங்கிலி முழுவதும் என்னிடம் நின்றுபோயிருக்கிறது.

அந்த மாதம் பிரபு என்னைச் சபையில் கொண்டுபோய் விட்டான். வாசலிலேயே புஷ்பம் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிக்கா முடியுது? காலையில பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும். எனக்கெல்லாம் முட்டி கழண்டுடும்."

"ஐயோ, நான் அவ்வளவு நேரமெல்லாம் இல்லைங்க. கொஞ்ச நேரந்தான்."

"பாத்தீங்களா," என்று அவர் பாஸ்டரம்மாவிடம் திரும்பிச் சொன்னார், "அவங்களுக்கு அது கொஞ்ச நேரமாத் தெரியுது."

"நிஜமாவே எனக்கு ஜெபிக்க வராதுங்க," என்றேன்.

பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்தத் தாழ்மைதான் சிஸ்டர் நம்ம சபைக்கு வேணும்."

நான் வாயைத் திறக்கத் திறக்க என் பெயர் ஏறிக்கொண்டே போனது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதற்கும் ஒரு சிஸ்டர், "பாரு, வீண் பேச்சே கிடையாது" என்றார். ஆராதனை முடிவில் பாஸ்டர் அறிவிப்பு சொன்னார். வரப்போகும் பெண்கள் உபவாசக் கூடுகையில் நம் ரூபி சிஸ்டர் ஜெபத்தை நடத்துவார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஷீலா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா அத்தை?" என்றாள். இல்லை என்றேன். ஜெபிக்கத் தெரியாத ஒருத்தியை ஜெபத்தை நடத்தச் சொன்னால் என்ன செய்வாள்? யாரிடம் போய் உதவி கேட்பாள்? கேட்பதே அவளுக்கு வரவில்லையே.

கூடுகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. முறை வந்தது. அன்றைக்கு அரை மணி நேரம் நடிக்க எனக்கு மனது வரவில்லை. முழங்கால்கூடப் போடவில்லை, சமையலறையில் நின்றபடியே மனதுக்குள் சொன்னேன். "ஆண்டவரே, என்னால முடியல. எனக்கு முன்னால உக்காந்திருக்க வேண்டாம். யாராவது நிஜமாக் கஷ்டத்துல இருப்பாங்க, அவங்களைப் போய்ப் பாரும்." உடனே புஷ்பத்துக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று, எதற்கு அழுகிறேன் என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாம்பார் இறக்கும் நேரத்துக்குப் போன் அடித்தது. பார்த்தால் புஷ்பம் என்று காட்டியது. எடுத்தேன்.

"டேய், போனைக் கையில வெச்சுக்கிட்டு எங்கடா சுத்தறே? ஆஸ்பத்திரிக்கு வாடா பேகன, சீக்கிரம்."

புஷ்பம் சிஸ்டர் குரல் இல்லை. வேறு யாரோ.

"நான் டேய் இல்லைங்க," என்றேன்.

அந்தப் பக்கம் குரல் ஏறியது. "பொம்பளையா? என் மருமவன் போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு? யாருடி நீ?"

"எனக்கு அம்பது வயசாச்சுங்க."

"வயசையா கேட்டேன்?"

இது என் போன் என்றும், நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறேன் என்றும், ஜெபத்துக்காகப் புஷ்பம் என்பவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன் என்றும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்போ போன வெள்ளிக்கிழமையும் நீதானா? அதுக்கு முந்தின வெள்ளியும்?"

"நானேதாங்க."

"அடிப்பாவி. உன்னால எத்தனை வாட்டி பூக்கூடையைப் போட்டுட்டு ஓடினேன் தெரியுமா? வெள்ளிக்கிழமைதான் எனக்கு வியாபாரமே. மல்லிகை பூரா வாடிப் போச்சு."

அந்த அம்மா பெயர் சாந்தம்மா. அல்சூரில் ஒரு கோயில் வாசலில் பூ விற்கிறவர். அவர் மகள் மஞ்சுளா நிறைமாதம். வலி எடுத்தால் மருமகன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான், உடனே ஓடி வர வேண்டும் என்று அவர்கள் வீட்டில் ஏற்பாடு. சாந்தம்மாவுக்கு நம்பர் படிக்கத் தெரியாது. ஒரு ரிங் அடித்து நின்றால் மருமகன்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மிஸ்டு காலைக் கேட்டு, கூடையைப் பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு மகள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மகள் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருப்பாளாம். மருமகன் "நான் பண்ணலை அத்தே" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். இவர் நம்பவில்லை.

"அவனை நான் திட்டாத திட்டு இல்ல. பாவம், வாயில்லாப் பூச்சி," என்றவர் நிறுத்தினார். குரல் மாறியது. "இன்னிக்கும் ரிங் வந்துச்சு. போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. அவனை நாலு கேள்வி கேட்டுட்டாவது வரலாம்னு போனேன். போய்ப் பாத்தா பொண்ணு பாத்ரூம்ல விழுந்து கிடக்கா. வீட்டுல யாருமில்ல. கீழ பூரா ரத்தம். ஆட்டோல போட்டுக்கிட்டு வந்தோம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா ரெண்டு உசுரும் இல்லன்னு டாக்டரம்மா சொல்றாங்க. உள்ள ஆபரேஷன் நடக்குது. கடைசியா வந்த நம்பரைப் போட்டுக் குடும்மான்னு நர்ஸம்மாகிட்ட கேட்டேன். அவனைக் கூப்பிடலாம்னு. அது நீயா போயிட்டே."

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கவும் தோன்றவில்லை.

"ப்ரேயர் பண்றவதானே நீ? பண்ணு. இப்பவே பண்ணு. எனக்குக் காதுல விழணும்."

மறுக்க வழி இல்லை. கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "ஆண்டவரே, இந்தத் தேசத்தை ஆளுகிறவங்களுக்காக…" என்று ஆரம்பித்தேன்.

"யாருக்காக?"

"ஆளுறவங்களுக்காகங்க."

"அவங்களுக்கு என்ன வந்துச்சு? நல்லாத்தான் இருக்காங்க. என் பொண்ணைச் சொல்லு தாயே. மஞ்சுளா. பேரு மஞ்சுளா."

அந்தப் பெயரைக் கேட்டதும் என்னவோ ஆயிற்று. வார்த்தை தானாக வந்தது.

"ஆண்டவரே, மஞ்சுளா உள்ள இருக்கா. அவ அம்மா வெளியில தனியா நிக்கறாங்க. எனக்குப் பேச வராது, உமக்கே தெரியும். பிள்ளையையும் தாயையும் நீர் பாத்துக்கும். யாரையாவது போய்ப் பாரும்னு காலையில சொன்னேன். நீர் முன்னாடியே போயிட்டீர். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இரும். என்னால இவங்க மல்லிகை வாடிப் போச்சு, அதையும் பாத்துக்கும்."

நிறுத்தினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் சாந்தம்மா.

"நீங்க ஆமென் சொல்லணுங்க."

"எங்க கோயில்ல அப்படிச் சொல்றதில்ல. சொன்னா நல்லதா?"

"நல்லதுங்க."

"ஆமென். இன்னொரு தரம் வேணா சொல்றேன், ஆமென். அக்கா, போனை வெச்சுடாதே. லைன்லயே இரு."

அவருடைய காசு தீர்ந்து லைன் அறுந்தது. நான் கூப்பிட்டேன். மிஸ்டு கால் இல்லை, நிஜமான கால். என் காசும் தீரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை, லைனில் இருந்தோம். ஆஸ்பத்திரிச் சத்தம் எனக்குக் கேட்டது, எங்கள் வீட்டுக் குக்கர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் சாந்தம்மா மருமகன் போனிலிருந்து கூப்பிட்டார். "பொண்ணு பொறந்திருக்கா அக்கா. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு மட்டும் அப்பன் மூக்கு, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் பயத்துக்குப் பதில் கிடைத்திருந்தது. ஆண்டவருக்கு என்னைத் தெரியும். சாமுவேலின் மனைவி என்று இல்லை, சமையலறையில் நின்று முணுமுணுத்த என்னையே தெரியும். நான் அன்றைக்கு வழக்கம்போல அரை மணி நேரம் உட்கார்ந்து ஜெபித்த மாதிரி காட்டியிருந்தால், அந்த ரிங் அரை மணி நேரம் தாமதமாகப் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

கூடுகை நாள் வந்தது. பெண்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட ஜெபம் என்று எதிர்பார்த்து சிலர் சுவர் ஓரமாக இடம் பிடித்திருந்தார்கள். புஷ்பம் சிஸ்டர் முட்டிக்குத் தலையணையே கொண்டுவந்திருந்தார். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். நாக்கு ஒட்டவில்லை.

"ஆண்டவரே, இங்க வந்திருக்கிற எங்களைப் பேர் பேரா உமக்குத் தெரியும். எங்க வீட்டுல என்ன குறைன்னும் தெரியும். நாங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி போய் உதவி செய்கிறவர் நீர். உமக்கு நன்றி. ஆமென்."

உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. நான் மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்தார்கள் போல. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பாஸ்டரம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"சிஸ்டர்?" என்றார்கள் மெதுவாக.

"முடிஞ்சுதுங்க," என்றேன்.

"அவ்வளவுதானா?" இது புஷ்பம் சிஸ்டர். தலையணையில் அப்போதுதான் வசதியாக முட்டியை ஊன்றியிருந்தார்.

"என் ஜெபம் அவ்வளவுதாங்க. எப்பவுமே அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ராங் நம்பர்."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், பெண்கள் மத்தியில்தான் என்றாலும் இவ்வளவு பேசினேன். மல்லிகை வாடின இடத்தில் சிரித்தார்கள். மஞ்சுளா விழுந்து கிடந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்களா சிரித்தார்களா என்று தெரியவில்லை. கடைசியில், "அப்போ இத்தனை வாரமும் நாங்க ஏன் காத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்?" என்று ஒரு சிஸ்டர் கேட்டார். "உனக்கு ஓய்வு கிடைச்சுதுல்ல, பேசாம இரு," என்றார் புஷ்பம் சிஸ்டர். பிறகு ஒவ்வொருவராகச் சின்னச் சின்னதாக ஜெபித்தார்கள். எப்போதும் வாய் திறக்காத இரண்டு மூன்று பேரும் அன்றைக்கு ஜெபித்தார்கள். எனக்கு அது போதும்.

இப்போது எனக்கு ஜெபிக்க முழங்காலும் அரை மணி நேரமும் அமைந்தால்தான் ஆகும் என்று இல்லை. சில்க் போர்டில் பஸ் நின்றால், முன்னால் நிற்கிற கண்டக்டருக்காக ஒரு வார்த்தை சொல்வேன். ஷீலா கம்பெனி வண்டியில் ஏறும்போது ஒரு வார்த்தை. சபைக்கு மாதம் ஒரு தரம்தான் போக முடிகிறது, ஆனால் அறுந்துபோன மாதிரி இல்லை. சாந்தம்மா வெள்ளிக்கிழமை வியாபாரம் முடிந்ததும் கூப்பிடுவார். அவர் அம்மனைக் கும்பிடுகிறார், நான் கர்த்தரிடம் கேட்கிறேன். பேத்திக்குச் சளி என்றால் மட்டும் உரிமையோடு, "உங்க ஆளுகிட்ட சொல்லு" என்பார்.

இதை வாசிக்கிற உங்களில் என்னை மாதிரி பேசத் தெரியாதவர்கள் இருப்பீர்கள். மாடி வீட்டில் தனியாக இருப்பீர்கள், ஷிப்டு வேலையில் ஆராதனையைத் தவறவிட்டிருப்பீர்கள், மற்றவர்கள் ஜெபிக்கிற மாதிரி நமக்கு வரவில்லையே என்று ஒதுங்கியிருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு வார்த்தைதான் வருகிறதா, அந்த நாலு வார்த்தையைச் சொல்லுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

நேற்று எங்கள் லிஃப்டில் தினமும் கீழே இறங்குகிற ஒரு பெண் கண் சிவந்து நின்றாள். இத்தனை நாளும் நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். நேற்று உன் பேர் என்னம்மா என்று கேட்டேன். சுனிதாவாம். தரைத்தளம் வருவதற்குள் அவளுக்காகக் கேட்டு முடித்துவிட்டேன்.